மலையில பழைய சின்ன டிஜிட்டல் கேமரா தாங்குமா? கோத்தகிரிப் பக்கத்து அனுபவம்

கூடலூர்லேர்ந்து வந்த கேள்வி, 14 அக்டோபர் 2023

"2,500 ரூபாய்க்கு ஒரு பழைய டிஜிட்டல் கேமரா வருது. 16 மெகாபிக்சல், 5 மடங்கு ஜூம், ரெண்டு பென்சில் செல் போடுறது. எங்க ஊர் மழையும் மிஸ்ட்டும் உங்களுக்கே தெரியும். வாங்கினா தாங்குமா, இல்ல போன் போதும்னு விட்டுடலாமா? அந்தப் பக்கம் வச்சிருக்கறவங்க சொல்லுங்க."

14 அக்டோபர், இரவு

வாங்கு தம்பி. கோத்தகிரியில இதே மாதிரி ஒண்ணைப் பல வருஷமா வச்சிருக்கேன். தேயிலைத் தோட்டத்துக்கும் வரும், கல்யாணத்துக்கும் வரும். ஆனா காசு கையை விட்டுப் போறதுக்கு முன்னாடி நேர்ல போய்ப் பாரு. படம் அனுப்பறேன்னு சொல்றவங்ககிட்ட வாங்காத.

முதல்ல கேமராவை ஆன் பண்ணி லென்ஸை வெளிய வர வை. போன் டார்ச்சை நேரா அடிக்காம சாய்ச்சு அடிச்சுக் கண்ணாடிக்குள்ள பாரு. ரெண்டு மூணு தூசி இருந்தா பரவாயில்ல. வெள்ளையா நூல் நூலாக் கிளை விட்டுப் படர்ந்திருந்தா அது பூஞ்சணம், வேண்டாம். லென்ஸ் வெளிய வரும்போது கரகரன்னு அரைக்கிற சத்தம் கேட்டாலும் வேண்டாம். மண் உள்ள போயிருக்கும், இன்னைக்கோ நாளைக்கோ பாதியில நிக்கும். இந்த விலைக் கேமராவைப் பிரிச்சுச் சரி பண்ண யாரும் கை வைக்க மாட்டாங்க. கோயம்புத்தூர்ல ஒரு கடையில, ரிப்பேர் கூலிக்கு வேற கேமராவே வாங்கிடலாம்மான்னு சொல்லித் திருப்பி அனுப்பினாங்க.

அப்புறம் பேட்டரி மூடியைத் திற. உள்ள ஸ்பிரிங்ல பச்சையாவோ வெள்ளையாவோ பொருக்கு இருந்தா பழைய செல் ஒழுகியிருக்கு. லேசா இருந்தா காதுக்குச்சியில கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைச்சா போயிடும். ஸ்பிரிங்கே அரிச்சுப் போயிருந்தா விட்டுடு. மூடியோட கொக்கி முழுசா இருக்கான்னும் பாரு. ரெண்டு செல்லை அழுத்தி வச்சு மூடணுமே, அந்தச் சின்ன பிளாஸ்டிக்தான் எல்லாக் கேமராவிலயும் முதல்ல உடையற இடம். உடைஞ்சதை ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டறவங்க உண்டு.

கடைசியா ஜூமை முழுசா இழுத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடு. எடுத்த படத்துல ஒரே இடத்துல கரும்புள்ளி நின்னா சென்சார்ல, அதாவது படம் பதியற சில்லுல, தூசி. உங்க ஊர்ல மிஸ்ட்டைத்தானே எடுக்கப் போற, அந்தப் புள்ளி ஒவ்வொரு படத்துலயும் தெரியும்.

15 அக்டோபர்

"2,500 ரூபாய் தண்டம், போன் கேமராவே நல்லா இருக்கு"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். இருட்டுல போன்தான் ஜெயிக்கும், அதை மறுக்கல. இந்தச் சின்னக் கேமராக்கள்ல சென்சார் 6.17க்கு 4.55 மில்லிமீட்டர்தான். பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கட்டம் 36க்கு 24. பரப்பு கிட்டத்தட்ட 30 மடங்கு குறைவு. அதுல 16 மெகாபிக்சலை அடைச்சிருக்காங்க, இருட்டுல சென்சாரோட உணர்வைக் கூட்டற ஐஎஸ்ஓங்கற அளவு 400 தாண்டினதும் புள்ளி புள்ளியா வரத்தான் செய்யும். போன் அஞ்சாறு படத்தைச் சேர்த்துச் சமாளிச்சுடும். இதால முடியாது.

ஆனா நவம்பர் மழையில கொழுந்து பறிச்ச கையோட போனைத் தொட்டுப் பாருங்க. விரல் ஈரமா இருந்தா திரை கேக்காது. உல்லன் கையுறை போட்டிருந்தா சுத்தமா கேக்காது. கேமராவுக்குப் பட்டன். கை நனைஞ்சிருக்கட்டும், விறைச்சிருக்கட்டும், அழுத்தினா எடுக்கும். சேத்துல விழுந்தா வயிறு கலங்காது. பேங்க், ஆதார், பசங்க போட்டோன்னு எல்லாத்தையும் வச்சிருக்கற போனைப் பாறை விளிம்புல நீட்டறதுக்கு எனக்குக் கை வராது.

இன்னொரு காரணம் கண்ணு வச்சுப் பார்க்கற துளை. உச்சி வெயில்ல திரையில ஒண்ணும் தெரியாதப்போ அதுதான் கை குடுக்கும், பேட்டரியும் மிச்சம். மலிவுக் கேமராவில அது அபூர்வம். வேணும்னா கேனான் பவர்ஷாட் ஏ1300ன்னு 2012ல வந்தது இருக்கு. ரெண்டு பென்சில் செல், ஃபிலிம் கேமரா கணக்குல 28லேர்ந்து 140 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமமான ஜூம், துளையும் உண்டு. கெடைச்சா விடாதீங்க.

17 அக்டோபர்

பேட்டரி பத்தி நிறையக் கேக்கறீங்க, கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

பெட்டிக்கடையில சுவர்க் கடிகாரத்துக்குன்னு கெடைக்கிற மலிவு செல்லைக் கேமராவில போடவே போடாதீங்க. அது துத்தநாகக் கார்பன் செல். கடிகாரம் மாதிரி சொட்டுச் சொட்டா இழுக்கறதுக்குத்தான் அது லாயக்கு. கேமரா லென்ஸ் மோட்டார் ஓட்டும்போதும் ஃபிளாஷ் ஏத்தும்போதும் ஒரே மூச்சுல இழுக்கும். நாலஞ்சு படத்துலயே செல் படுத்துடும். கேமரா கெட்டுப்போச்சுன்னு விக்கறவங்கள்ல பாதிப் பேரு இந்தச் செல்லைப் போட்டுப் பார்த்தவங்களா இருப்பாங்கங்கறது என் எண்ணம்.

அல்கலைன் பரவாயில்ல, அவசரத்துக்கு ஆகும். கேமரா 'செல் தீர்ந்தது'ன்னு சொன்னதும் தூக்கிப் போடாதீங்க, அதுல இன்னும் பாதி உயிர் இருக்கும். கடிகாரத்துல போட்டா பல மாசம் ஓடும். எங்க வீட்டுச் சுவர்க் கடிகாரம் காசு குடுத்து வாங்கின செல்லைப் பார்த்தே வருஷங்களாச்சு.

நிரந்தரமா வச்சிருக்கறவங்க ரீசார்ஜ் பண்ற நிக்கல் செல் நாலு வாங்குங்க, ரெண்டு உள்ள, ரெண்டு பையில. 1.5 வோல்ட்டுக்குப் பதிலா 1.2ன்னு போட்டிருக்கேன்னு பயப்படாதீங்க. இழுக்கற நேரத்துல அல்கலைன் சரிஞ்சு அதுக்கும் கீழ போகும், நிக்கல் செல் 1.2லயே நின்னு குடுக்கும். வாங்கும்போது 'லோ செல்ஃப் டிஸ்சார்ஜ்'னு போட்டிருக்கற வகையா வாங்கணும். சான்யோ 2005ல எனலூப்ங்கற பேர்ல முதல்ல கொண்டு வந்ததும் அந்த வகைதான். சாதாரண நிக்கல் செல் சும்மா கிடந்தாலே ஒரு மாசத்துல கணிசமா வடிஞ்சுடும், இது வருஷம் ஆனாலும் பெரும்பகுதி வச்சிருக்கும். என்னை மாதிரி வாரம் ஒருதரம் எடுக்கறவங்களுக்கு வித்தியாசம் நல்லாத் தெரியும். செல் எவ்வளவு பிடிக்கும்கற அளவுதான் எம்ஏஎச், உறையில 1900, 2000 எம்ஏஎச்னு இருந்தா நம்பலாம். பென்சில் செல் அளவுல 3500ன்னு போட்டிருந்தா அது பொய்.

18 அக்டோபர்

எத்தனை ஜிபி கார்டு போடலாம்னு அருவங்காட்டு அண்ணன் கேட்டதுக்கு. 2006க்கு முந்தின கேமரான்னா 2 ஜிபி வரைக்கும்தான் நம்பிப் போடலாம். அதுக்கப்புறம் வந்ததுல 32 ஜிபி வரைக்கும் போகும். 64 ஜிபி கார்டு வேற ரகம், 2009க்கு முந்தின கேமராவுக்கு அது புரியாது. கடைக்காரர் பெருசாத்தான் எடுத்து நீட்டுவார், வேண்டாம்னு சொல்லிடுங்க.

"கார்டு பூட்டியிருக்கு"ன்னு வந்தா கார்டு ஓரத்துல நகத்தளவுல ஒரு தள்ளுபட்டை இருக்கும், அதைப் பாருங்க. பழைய கார்டுல அது உதிர்ந்தே போயிருக்கும். அந்தப் பள்ளத்து மேல செல்லோ டேப் ஒரு துண்டு ஒட்டுங்க. டேப் கார்டோட தங்கநிறக் கோடுகள் மேல படக் கூடாது. அவ்வளவுதான்.

29 அக்டோபர்

இன்னைக்குக் கொடநாடு காட்சி முனைக்குப் போயிருந்தோம். மாயாறு பள்ளத்தாக்கு கண்ணுக்கே தெரியல, முழுக்க மிஸ்ட். வந்திருந்த டூரிஸ்ட் எல்லாம் ஒண்ணும் இல்லையேன்னு திரும்பிட்டாங்க. எனக்கு அந்த நேரம்தான் பிடிக்கும்.

மிஸ்ட்டை எடுத்தா சாம்பலா அழுக்கா வருதுன்னு எல்லாரும் சொல்றதுக்குக் காரணம் கேமரா கெட்டது இல்ல. எதைக் காட்டினாலும் சராசரியா நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டு வரணும்கறதுதான் அதுக்குள்ள இருக்கற கணக்கு. முன்னாடி முழுக்க வெள்ளை நின்னா, ஐயோ வெளிச்சம் ஜாஸ்தின்னு நினைச்சு அமுக்கிடும். வெள்ளை சாம்பலாயிடும். ஆட்டோவை விட்டு 'பி' (P) முறைக்கு மாத்துங்க. கூட்டல் கழித்தல் போட்ட ஒரு அளவுகோல் திரையில வரும். அதை +2/3லயோ +1லயோ வைங்க. ஒரே இடத்துல 0, +2/3, +1னு மூணு படம் எடுத்து வீட்ல போய்ப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, அப்புறம் ஆட்டோ பக்கம் போக மாட்டீங்க. முழு ஆட்டோவில பெரும்பாலான கேமரா இதை மாத்த விடாது, அதனாலதான் நிறையப் பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாம போச்சு.

ஃபிளாஷை அணைச்சிடுங்க. ஆட்டோவில விட்டா இருட்டுன்னு நினைச்சு அடிக்கும். மிஸ்ட்டுங்கறது காத்துல மிதக்கற தண்ணிதானே, லென்ஸுக்கு ஒரு சாண் முன்னாடி இருக்கற துளியெல்லாம் வெளிச்சத்தைத் திருப்பி அடிச்சு வெள்ளை வெள்ளை உருண்டையா விழும். இதைப் பேய்னு சொல்லி வாட்ஸ்அப்ல சுத்த விட்டவங்களும் எங்க பக்கம் உண்டு.

ஃபோகஸ் தான் பெரிய தொல்லை. இந்தக் கேமராக்கள் ஏதாவது ஒரு ஓரத்தை, இருட்டும் வெளிச்சமும் முட்டற இடத்தைத் தேடித்தான் ஃபோகஸ் பிடிக்கும். மிஸ்ட்ல ஓரமே இல்லாம முன்னயும் பின்னயும் ஓடிட்டு மஞ்சள் கட்டத்தைக் காட்டி நின்னுடும். பக்கத்துல ஒரு சில்வர் ஓக் மரத்தண்டு இருக்கும், தேயிலைத் தோட்டத்துல அதுக்கா பஞ்சம்? எடுக்க வேண்டியது இருக்கற அதே தூரத்துல ஒரு மரத்தைக் காட்டிப் பட்டனைப் பாதி அழுத்துங்க. பச்சைக் கட்டம் வந்ததும் விடாம அப்படியே திருப்பி மீதிப் பாதியை அழுத்துங்க. படத்துலயும் கறுப்பா ஏதாவது ஒண்ணு கிட்டத்துல இருந்தாத்தான் பின்னாடி இருக்கறது தூரமாத் தெரியும். மரத்தண்டு போதும், ஒரு குடை போதும். இடுப்புல படுதா கட்டிப் பறிச்சுட்டு இருக்கற அக்காங்க வரிசையா நின்னா அதுக்கு மேல எதுவும் வேண்டாம். ஆனா அவங்களைக் கேட்டுட்டு எடுங்க. வேலை செய்யறவங்களைப் பொம்மை மாதிரி எடுத்துட்டுப் போறதைப் பார்த்தா எனக்கு மனசு வலிக்கும்.

2 நவம்பர்

"இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கலாமே"ன்னு கோயம்புத்தூர்லேர்ந்து ஒருத்தர். கொஞ்சம் பண்ணலாம். இந்தக் கேமராக்கள் ஜேபெக், அதாவது ஏற்கெனவே சுருக்கின படம், மட்டும்தான் குடுக்கும். சாம்பலா விழுந்த மிஸ்ட்டை அப்புறம் தூக்கினா பட்டை பட்டையா உடைஞ்சு தெரியும், நிழல்ல புள்ளி கிளம்பும். எடுக்கும்போதே ரெண்டு பட்டனை அழுத்திட்டா அந்த வேலையே இல்ல.

மேல எழுதினதுக்கு ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிடறேன். வெள்ளைன்னாலே கூட்டணும்னு எடுத்துக்காதீங்க. மலை ரயிலை எடுக்கும்போது தலைகீழ். கல்லாறுலேர்ந்து குன்னூர் வரைக்கும் பல்சக்கரப் பாதையில நீராவி எஞ்சின் வரும்போது சுத்தி அடர்ந்த காடு, படத்துல முக்கால்வாசி இருட்டுப் பச்சை. கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், எஞ்சின் விடற வெண்புகை வெறும் வெள்ளைத் திட்டாயிடும், சுருள் ஒண்ணும் தெரியாது. அங்க கழிக்கணும், -2/3 வைங்க. படத்துல வெள்ளை எவ்வளவு இடத்தை அடைக்குதுங்கறதைப் பார்த்துத்தான் கூட்டறதும் கழிக்கறதும்.

அமுக்கின அப்புறம் ஒரு நொடி கழிச்சு எடுக்குதுன்னு குறை சொல்றவங்களுக்கு: மேட்டுப்பாளையத்துலேர்ந்து ஊட்டி வர 46 கிலோமீட்டர் ஏறறதுக்கு அந்த ரயில் கிட்டத்தட்ட 5 மணி நேரம் எடுத்துக்குது. வரப்போற இடத்துல பாதி அழுத்திப் பிடிச்சுட்டு நிதானமா நிக்கலாம். தண்டவாளத்துல மட்டும் நிக்காதீங்க. குன்னூர் தாண்டினா டீசல் எஞ்சின், புகைப்படம்னு வர்றவங்க குன்னூருக்குக் கீழயே இறங்கிடுங்க.

19 நவம்பர்

வடகிழக்கு மழை பிடிச்சு ஆட்டுது. எங்களுக்கு இதுதான் பெரிய மழை. கூடலூர், தேவாலாக்காரங்களுக்கு ஜூன்லேர்ந்து. ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான எதிரி பூஞ்சணம். பீரோவில தோல் செருப்பு பூத்தா உள்ள இருக்கற கேமராவும் பூக்கத் தொடங்கியிருக்கும்னு வச்சுக்கோங்க. காத்துல ஈரம் 70 சதவீதத்துக்கு மேல நாள்கணக்குல நின்னா அதுக்குக் கொண்டாட்டம். இருட்டும் ஆடாத காத்தும் கூட இருந்தா கேக்கவே வேண்டாம். தோல் உறையிலயும் துணிப் பையிலயும் மூடி வைக்காதீங்க, பையே ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும்.

முன்னாடியெல்லாம் பீரோவுக்குள்ள ஒரு குண்டு பல்பு எரிய விடுவாங்க. அந்தச் சூட்டுல ஈரம் அண்டாது. இப்ப எல்லாம் எல்இடி, வெளிச்சம் வரும், சூடு வராது. குண்டு பல்பு கெடைச்சவங்க பத்திரமா வச்சிருக்காங்க.

எங்க பெரியப்பா ஊட்டி எச்.பி.எஃப்.ல வேலை பார்த்தவர். சின்னவங்களுக்குப் பேர் மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1960ல தொடங்கின அரசு கம்பெனி, 1967லேர்ந்து உற்பத்தி. 'இந்து'ங்கற பேர்ல கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் இந்த மலையிலேர்ந்துதான் நாடு முழுக்கப் போச்சு. தூசி இல்லாத குளிர்ந்த காத்து வேணும்னுதான் இங்க வச்சாங்க. இப்ப மூடிக் கிடக்கு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஆத்தாமையா இருக்கும். நம்ம ஊர்ல செஞ்ச ஃபிலிம்ல நம்ம தாத்தா பாட்டி கல்யாணப் படம் விழுந்திருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

பெரியப்பாகிட்டக் கத்துக்கிட்டதைத்தான் இன்னைக்கும் செய்யறேன். காத்துப் புகாத டப்பா, அடியில சிலிக்கா ஜெல், மேல கேமரா, செல்லைக் கழட்டித் தனியா. நீல நிற ஜெல் ஈரத்தைக் குடிச்சா ரோஸ் நிறமாயிடும். அப்ப வாணலியில போட்டுச் சின்னத் தீயில புரட்டினா திரும்ப நீலமாகும். சமைக்கிற வாணலி வேண்டாம், இதுக்குன்னு ஒண்ணு ஒதுக்கிடுங்க. அரிசிப் பானையில புதைக்கறது வேண்டவே வேண்டாம், அரிசித் தவிடு லென்ஸ் இடுக்குல போயிடும். வெயில் வந்த நாள்ல கேமராவை வெளிய எடுத்து ஜூமை நாலு தடவை இழுத்து விடுங்க. எடுக்க ஒண்ணும் இல்லாட்டியும் எடுங்க. உபயோகத்துல இருக்கற கேமராவில பூஞ்சணம் பிடிக்கறது ரொம்ப அபூர்வம்.

28 டிசம்பர்

உறைபனி. விடிகாலை தலைகுந்தாவுக்குப் போனோம். மேகம் இல்லாத ராத்திரி, காத்தும் இல்ல, பள்ளத்துல இருக்கற புல்வெளி முழுக்க வெள்ளை. காரோட மேல்கூரையில நகத்தால பேர் எழுதலாம்.

புல்லோட நுனியை மேக்ரோவில எடுத்தேன், பூ படம் போட்டிருக்கற பட்டன். ஜூம் இழுக்காம அகலமா வச்சாத்தான் 3, 5 சென்டிமீட்டர் கிட்டப் போகும். அவ்வளவு கிட்டத்துல பார்த்தா ஒவ்வொரு புல் ஓரத்துலயும் சின்னச் சின்ன ஊசி குத்திட்டு நிக்குது. தண்டு நடுவுல இல்ல, ஓரத்துலயும் மேல இருக்கற மயிர்லயும்தான் அதிகம். மூச்சை விட்டீங்கன்னா போச்சு. ஒரு மூச்சுக் காத்துல ஊசியெல்லாம் உருகித் துளியாயிடும், லென்ஸும் பூத்துடும். மூச்சை அடக்கிட்டு எடுங்க, தலையைத் திருப்பி விடுங்க. சூரியன் மலை முகட்டைத் தாண்டி வந்தப்போ பக்கவாட்டு வெளிச்சத்துல எல்லாம் மின்னும், அது கொஞ்ச நேரம்தான். இங்கயும் +1 வேணும், மிஸ்ட் கணக்கேதான்.

செல் ரெண்டும் சீக்கிரம் படுத்துடுச்சு. குளிர்ல உள்ள நடக்கற வேதி மாற்றமே மந்தமாயிடும். ஸ்வெட்டருக்குள்ள உடம்போட ஒட்டி வச்சிருந்த ரெண்டை மாத்தினேன், படுத்ததை உள்ள வச்சுச் சூடாக்கினேன், திரும்ப எடுத்தது.

அப்புறம்தான் முக்கியம். குளிர்ந்த கேமராவோட நேரா டீக்கடைக்குள்ள போகாதீங்க. பாய்லர் ஆவி ஓடற சூடான அறையில கண்ணாடி வெளியயும் வேர்க்கும், உள்ளயும் வேர்க்கும். வெளிய இருக்கறதைத் துடைக்கலாம், உள்ள இருக்கறதை என்ன பண்றது? வெளிய நிக்கும்போதே ஜிப் வச்ச பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் காத்தை அமுக்கி மூடிடுங்க. வேர்வை கவர் மேலதான் பிடிக்கும். கேமரா அறைச் சூட்டுக்கு வந்ததும் திறக்கலாம். ஊட்டியிலேர்ந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போதும் இதே கதைதான். ஏறும்போது இந்தப் பிரச்சினை இல்ல.

6 ஜனவரி 2024

செல் பத்தி அக்டோபர்ல எழுதினதோட இதையும் சேர்த்துக்கோங்க. லித்தியம் பென்சில் செல்னு ஒண்ணு இருக்கு, ரீசார்ஜ் பண்ண முடியாது, விலை ஜாஸ்தி, ஆனா எடை குறைவு, உறைபனியை மதிக்கவே மதிக்காது. ஒரு செட் பையில கிடந்தா வருஷக்கணக்குல கெடாது. தொட்டபெட்டா, அவலாஞ்சின்னு விடிகாலையில அலையறவங்களுக்குத் தகும். எனக்கு ஸ்வெட்டர் பாக்கெட்டே போதும். தீர்ந்த செல்லைத் தேயிலைக்குள்ள வீசாதீங்க, அந்த மண்ணுலதான் நம்ம சாப்பாடு.

காட்டுமாட்டைத் தள்ளி நின்னே எடுக்க முடியுமான்னு கேட்ட தம்பிக்கு. 140 மில்லிமீட்டர் ஜூம்ல 40 மீட்டர் தள்ளி நின்னா படத்து அகலத்துல ஏறக்குறைய 10 மீட்டர் விழும். 3 மீட்டர் நீளமுள்ள மாடு அதுல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மி. 16 மெகாபிக்சல்னா அகலத்துல 4,608 புள்ளி, மாட்டுக்கு மட்டும் 1,300 புள்ளிக்கு மேல கெடைக்குது. வெட்டி எடுத்தா போன்ல பார்க்க தாராளம். கிட்டப் போகவே வேண்டாம். டிஜிட்டல் ஜூமும் வேண்டாம், அதுவும் இதே வெட்டு வேலைதான், நீங்களே வீட்ல நல்லா வெட்டுவீங்க. ஃபிளாஷ் கூடவே கூடாது. எங்க தோட்டத்துக்குள்ள அதுங்க தினமும் வருது. வேலியோரம் நின்னு போன்ல கிட்டப் போய் எடுக்கற பசங்களைப் பார்த்தா அடிவயிறு கலங்குது. தனியா நிக்கற கிடா மாடு திரும்பினா ஓட நேரம் இருக்காது.

11 பிப்ரவரி

என் நாத்தனார் பொண்ணு கோயம்புத்தூர்ல காலேஜ் படிக்கறா. இப்ப பசங்க எல்லாம் பழைய கேமராவைத் தேடி அலையறாங்களாம், அதுல இருக்கற சிசிடிங்கற பழைய வகை சென்சாரோட கலர் போன்ல வராதுன்னு. என்னோடதைக் கேட்டா. குடுத்தேன், ரெண்டு வாரத்துக்கு.

சிசிடிதான் காரணம்னு எனக்குத் தோணல. கலர் எப்படி வரணும்கறதைச் சென்சார் மேல இருக்கற வடிகட்டியும் உள்ள இருக்கற மென்பொருளும் சேர்ந்துதான் முடிவு பண்ணுது. போன் நிழலையெல்லாம் தூக்கி, வெயிலையெல்லாம் இறக்கி, எல்லாத்தையும் ஒரே மட்டமாக்கிடும். பழைய கேமரா இருட்டை இருட்டா விட்டுடும். மூஞ்சியில பளீர்னு விழற செனான் ஃபிளாஷும் போன்ல கெடையாது. அதுங்க தேடறது இதைத்தான். சிசிடிக்குன்னு தனி அடையாளம் ஒண்ணு உண்டு. வீடியோவில சூரியன் வந்தா மேலேர்ந்து கீழ வரைக்கும் செங்குத்தா ஒரு கோடு பாயும். அதையும் அவ அழகுங்கறா. சின்னப் பொண்ணு ஆசையா பழசை வச்சுப் பார்க்கறா, எனக்கு அதுல சந்தோஷம்தான்.

ஊதாப் பூ நீலமா வருதுன்னு அவ சொன்னது உண்மை. 2018ல குறிஞ்சி பூத்தப்போ எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. 'மேகமூட்டம்'ங்கற வெள்ளைச் சமநிலையில (ஒயிட் பேலன்ஸ்) வச்சா கொஞ்சம் சிவப்பு ஏறிக் கிட்ட வரும், கண்ணால பார்த்த ஊதா முழுசா வராது. அடுத்த மாசம் ஜக்கரண்டா பூக்கும், அதுல பழகிப் பாருங்க. குறிஞ்சிக்கு 2030 வரைக்கும் காத்திருக்கணும்.

21 ஜூலை

கூடலூர்த் தம்பி தேயிலை இலை படம் ஒண்ணு அனுப்பி இது என்ன நோய்னு கேட்டிருக்கார். மேகமூட்டமும் தூறலுமா இருக்கற இந்த நேரத்துல கொப்புள நோய்தான் முதல் சந்தேகம். படம் மேலேர்ந்து எடுத்ததால உறுதியா சொல்ல முடியல. இந்தக் கேமரா எனக்குச் சோறு போடற வேலைக்கு உதவறது இங்கதான், அதனால எப்படி எடுக்கணும்னு சொல்றேன்.

நோய் இளங்கொழுந்துலதான் வரும், முத்தின இலையைத் தேடாதீங்க. ஆரம்பத்துல குண்டூசித் தலை அளவுல வெளிறின புள்ளி. இலையைப் பறிச்சு வானத்துக்கு நேரா பிடிச்சா எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி அந்த இடம் மட்டும் வெளிச்சம் விடும். அப்படிப் பிடிச்சு ஒரு படம், +2/3ல. பெருசானப்புறம் மேல்பக்கம் குழி விழும், அடிப்பக்கம் புடைச்சு வெள்ளையா வெல்வெட் பூத்திருக்கும். அந்த வெள்ளைதான் வித்து, காத்துல பறந்து அடுத்த செடிக்குப் போறது. அதனால அடிப்பக்கம் கண்டிப்பா ஒரு படம் வேணும். மேல் படம் மட்டும் இருந்தா வெயில் சுட்டதா, பூச்சி கடிச்சதா, நோயான்னு சொல்ல முடியாது.

ரொம்பக் கிட்டப் போனா லென்ஸ் நிழலே இலை மேல விழும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மியா தள்ளி நின்னு எடுத்து வெட்டிக்கோங்க. வெயில் வேண்டாம், மிஸ்ட் வெளிச்சம்தான் சரி. பக்கத்துல ஒரு ரூபாய் நாணயம் வைங்க. 2011லேர்ந்து 2018 வரைக்கும் வந்த சின்ன நாணயம் 22 மில்லிமீட்டர் அகலம், அதுக்கப்புறம் வந்த புதுசு 20. கொப்புளம் 3லேர்ந்து 12 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கும், அதை வச்சு நோய் எந்தக் கட்டத்துல இருக்குன்னு குன்னூர் உபாசி வேளாண் அறிவியல் மையத்துல காட்டிக் கேக்கலாம். செல்லு ரொம்ப நாள் கழட்டி வச்சிருந்தா கேமராவில தேதி மாறியிருக்கும், முதல்ல அதைச் சரி பண்ணுங்க. நான் எந்த வருஷம் எந்த வாரத்துல முதல் கொப்புளம் வந்துச்சுன்னு என் படங்களோட தேதியை வச்சுத்தான் பார்க்கறேன். மருந்து எப்ப தொடங்கணும்கறதுக்கு அதைவிட நல்ல கணக்கு எங்கிட்ட வேற இல்ல.

வாட்ஸ்அப்ல அனுப்பும்போது போட்டோவா அனுப்பாதீங்க, சுருக்கிடும், தேதி விவரமும் போயிடும். டாக்குமென்ட்டுங்கறதைத் தொட்டு அதுல சேர்த்து அனுப்புங்க. மேல்பக்கம், அடிப்பக்கம், வானத்துக்கு நேரா பிடிச்சது, மூணும் வேணும்.